வேலூர்க் கோட்டை: மூன்று அரச குடும்பங்களின் சிறை

வேலூர் என்றதும் இலங்கைத் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரிதான். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1900ஆம் ஆண்டில் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம், இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. இருதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் அங்கே போய் வந்த ஒருவரேனும் இல்லாத குடும்பம் எங்கள் பக்கத்தில் அரிது. நோயாளிக்குத் துணையாகச் செல்பவருக்கோ வேலூரில் நேரம் நிறையக் கிடைக்கும். பரிசோதனைக்கும் அதன் முடிவுக்கும் இடையே இரண்டு நாள், மூன்று நாள் என்று பொழுது கிடக்கும். அவர்களிற் பலர் திருப்பதிக்குப் போவார்கள். 2007இல் திறக்கப்பட்ட ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு இப்போது கூட்டம் கூட்டமாகச் செல்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள கோட்டைக்குச் செல்பவர் அவர்களிலும் குறைவு. கோட்டையையும் பார்த்து, பாலாற்றங்கரையிலே உறங்கும் கண்டி மன்னனையும் பார்த்து வருபவர் மிகமிகக் குறைவு.

உறவினர் ஒருவருக்குத் துணையாக முதன்முறை சென்றபோது எனக்கும் அவ்வாறே நாட்கள் கிடைத்தன. அதன் பின்னர் கோட்டையைப் பார்ப்பதற்காகவே இரண்டு தடவை போயிருக்கிறேன்.

வேலூரைப் பற்றி அவ்வூரார் தாமே சொல்லிச் சிரிக்கும் பழமொழி ஒன்றுண்டு. சாமியில்லாத கோயில், அரசனில்லாத கோட்டை, நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று அது நீளும். அதற்குமேலும் சில 'இல்லாத'துகள் உண்டு. அவற்றுள் ஒன்று பெண்களைப் பற்றியது. எழுதினால் வேலூர் வாசகியர் என்னைச் சும்மா விடமாட்டார்கள். இவற்றுள் ஆறும் மலையும் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்ளத்தக்கவை. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாறாகவே கிடக்கிறது. சாமியில்லாத கோயில் என்பது 1981 வரைக்கும் உண்மையாக இருந்தது. அரசனில்லாத கோட்டை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அரசர்கள் இக்கோட்டையில் ஒரு காலத்தில் வேண்டிய அளவுக்கு மேலாகவே இருந்தார்கள். ஆளும் அரசராக அல்ல, அடைபட்ட அரசராக இருந்தார்கள் என்பதே வேறுபாடு.

சென்னையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 140 கிலோமீற்றரில், பெங்களூர் செல்லும் பாதையில் வேலூர் இருக்கிறது. ரயிலில் வருபவர் காட்பாடியில் இறங்க வேண்டும். ஊரின் நடுவே 133 ஏக்கர் நிலத்தில், கருங்கல்லாலான இரட்டை மதிலும் அகழியுமாகக் கோட்டை கிடக்கிறது. மதிலின் கற்கள் பெரியவை. நன்றாக இழைத்துப் பொருத்தப்பட்டவை. இடையிடையே வட்டக் கொத்தளங்கள் புடைத்து நிற்கின்றன. அகழியிலே இன்றும் தண்ணீர் நிற்கிறது. பழைய காலத்தில் அதில் முதலைகளை வளர்த்தார்கள் என்று சொல்வார்கள். பத்தாயிரம் முதலைகள் என்று கணக்கும் சொல்வார்கள். அவற்றுக்கு யார் தீனி போட்டது என்று கேட்டால் பதில் வராது.

கோட்டையைக் கட்டியவர்கள் விஜயநகரப் பேரரசுக்குக் கட்டுப்பட்டிருந்த நாயக்கத் தலைவர்கள். சின்ன பொம்மு நாயக்கர், திம்மா ரெட்டி நாயக்கர் ஆகிய இருவர் பெயரும் சொல்லப்படுகின்றன. காலம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1565இல் தலைக்கோட்டைப் போரிலே விஜயநகரம் வீழ்ந்து, ஹம்பி நகரம் பாழான பின்னர், பேரரசின் தலைநகர் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது. முதலில் பெனுகொண்டா, பிறகு சந்திரகிரி, கடைசியாக வேலூர். இரண்டாம் வேங்கடபதி தேவராயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து குடியேறினார். அவருடைய அரசவைக்கு யேசு சபைப் பாதிரிமார் வந்து போயிருக்கிறார்கள். பேரரசு தேய்ந்துகொண்டிருந்தாலும் பேரரசன் என்ற மரியாதை குறையாத காலம் அது.

வேங்கடபதி 1614இல் இறந்தார். பிள்ளை இல்லாத அவர், தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாக்கிவிட்டே கண்ணை மூடினார். அரசியர் ஒருவரின் சகோதரனான ஜக்கராயனுக்கு இது பிடிக்கவில்லை. அந்த அரசி வளர்த்த ஒரு சிறுவனை அரியணையில் ஏற்ற எண்ணி, புதிய அரசனையும் அவன் குடும்பத்தையும் கோட்டைக்குள்ளேயே காவலில் வைத்தான். சில மாதங்களில் அக்குடும்பம் முழுவதும் மடிந்தது. தப்பியது ஒரே ஒரு மகன். பன்னிரண்டு வயதளவான அவனை, அரண்மனைக்கு வந்துபோகும் ஒரு சலவைத் தொழிலாளி துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுபோய்விட்டான் என்று அக்காலத்துப் போர்த்துக்கேயப் பாதிரியாரான பராடாஸ் எழுதி வைத்திருக்கிறார். பையனின் பக்கம் நின்றவன் யாசம நாயக்கன். தஞ்சையின் இரகுநாத நாயக்கன் அவனோடு சேர்ந்தான். மதுரையும் செஞ்சியும் ஜக்கராயனோடு சேர்ந்தன. காவிரிக்கரையில் தோப்பூர் என்னுமிடத்தில் பெரும்போர் நடந்து, ஜக்கராயன் கொல்லப்பட்டு, துணி மூட்டையில் வந்த பையன் இராமதேவராயன் என்ற பெயரில் அரசனானான். அந்தச் சலவைத் தொழிலாளியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பாதிரியாருக்கும் அது தேவைப்பட்டிருக்கவில்லை.

இதுவே இக்கோட்டை கண்ட முதல் அரச சிறை.

கோட்டையினுள்ளே இருக்கும் சலகண்டேசுவரர் கோயில் அதே நாயக்கர் காலத்தது. ஏழுநிலைக் கோபுரத்தைக் கடந்து உள்ளே நுழைந்ததும் இடப்புறத்தில் கல்யாண மண்டபம் வருகிறது. வேலூரில் ஒரேயொரு இடத்தைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்று எவரேனும் கேட்டால் இந்த மண்டபத்தையே சொல்வேன். முன்வரிசைத் தூண்களில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் யாளிகளும், அவற்றின்மேல் வீரரும், அடியிலே மிதிபடும் விலங்குகளும் ஒரே கல்லில் எழுந்து நிற்கின்றன. யாளியின் வாயினுள்ளே பல் வரிசையைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். யானையும் எருதும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்றுண்டு. ஒரு பக்கத்தை மறைத்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் எருது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று கையால் மறைத்து மறைத்துப் பார்த்துச் சிரிப்பதை ஒரு மணிநேரம் கண்டுகொண்டிருந்தேன். இம்மண்டபத்தின் அழகைக் கண்ட ஆங்கிலேயர் அதைக் கல்கல்லாகக் கழற்றி இலண்டனுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள் என்றும், அதற்காக வந்த கப்பல் கடலில் மூழ்கிவிட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதைக்கு ஆதாரம் இருக்கிறதோ இல்லையோ, மண்டபம் அங்கேயே இருப்பது நமது நல்லூழ்.

அத்தகைய கோயிலில் நூற்றாண்டுகளாகப் பூசை நடக்கவில்லை. கோட்டை கைமாறிக் கைமாறிப் போன காலத்தில் மூலலிங்கம் அகற்றப்பட்டு, அண்மையிலுள்ள சத்துவாச்சாரியில் வைத்துப் பாதுகாக்கப்பட்டது. ஆயுதக் களஞ்சியமாகவும் இக்கோயில் பயன்பட்டிருக்கிறது. சாமி இல்லாதிருந்த காலம் நானூறு ஆண்டு என்பது ஊரார் கணக்கு. பீஜப்பூர் சுல்தானின் படை வேலூரைக் கைப்பற்றியது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் என்பதால், அதன்பின்னரே பூசை நின்றதென்றால் கணக்குச் சற்றுக் குறையும். பின்னர் கோட்டை தொல்பொருள் துறையின் பொறுப்பில் வந்தது. வழிபாடு நிகழாத கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருப்பதே அத்துறையின் நடைமுறை. ஊர்மக்களோ கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், கடைசியில் 1981 மார்ச் 16ஆம் திகதி லிங்கத்தை மூடிய வாகனமொன்றில் ஏற்றிக் கொண்டுவந்து மீண்டும் உள்ளே எழுந்தருளச் செய்துவிட்டார்கள். மாவட்ட ஆட்சியராயிருந்தவரும் இதற்குத் துணை நின்றார். வந்த சாமியை வெளியேற்ற எவரும் துணியவில்லை. பழமொழியில் ஓர் அடி அன்றோடு பொய்த்தது.

பீஜப்பூருக்குப் பின்னர் மராட்டியர் வந்தார்கள். 1677 தொடங்கி மாதக்கணக்கில் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். கிழக்குப் பக்கத்து மலைகளின்மேல் தெரியும் குன்றுக்கோட்டைகள் அவர்கள் காலத்தவை. அவர்களுக்குப் பிறகு மொகலாயர், ஆற்காட்டு நவாபுகள், கடைசியில் ஆங்கிலேயக் கம்பனி. ஹைதர் அலி 1780இல் தொடங்கி நீண்ட காலம் முற்றுகையிட்டும் கம்பனியிடமிருந்து இதனை மீட்க முடியவில்லை. இந்தப் பகுதியை விரைந்து கடக்கிறேன். மதில் ஒன்றே, கொடி மட்டும் மாறியது.

ஹைதரின் மகன் திப்பு சுல்தான் 1799இல் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபோது, அவனுடைய பிள்ளைகளையும் பெண்களையும் பரிவாரங்களையும் கம்பனி எங்கே கொண்டுபோய் வைத்தது தெரியுமா? தகப்பன் பிடிக்க முயன்று தோற்ற இதே வேலூர்க் கோட்டையில்தான். கோட்டைக்குள் இன்றும் ஹைதர் மகால், திப்பு மகால், பாதுஷா மகால், பேகம் மகால் என்ற பெயர்களைச் சொல்லிச் சில கட்டடங்களைக் காட்டுகிறார்கள். மகால் என்றதும் மைசூர் அரண்மனையை மனத்தில் கொண்டு போகக்கூடாது. நீண்ட தாழ்வாரமும் முற்றமும் சுண்ணாம்புச் சுவருமாக, ஒரு பெரிய பழைய வளவு வீட்டைப்போன்றவை அவை. பிற்காலத்தில் அரசாங்க அலுவலகங்களும் பொலிஸ் பயிற்சிக்கூடமும் இங்கே இயங்கின. ஒரு கோட்டைக்குள் ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், 1846இல் கட்டிய புனித யோவான் தேவாலயம் மூன்றும் இருக்கின்றன என்று வழிகாட்டிகள் பெருமையோடு சொல்வார்கள். பெருமைதான். ஆயினும் மூன்றிலும் ஒரே காலத்தில் மணியோசையும் பாங்கும் கேட்ட காலம் அதிகமில்லை.

திப்புவின் குடும்பம் இங்கிருந்த காலத்தில்தான் 1806 ஜூலை 10ஆம் திகதிச் சிப்பாய் எழுச்சி நிகழ்ந்தது. வடநாட்டு எழுச்சிக்கு ஐம்பத்தோராண்டு முந்தியது இது. 1805இன் இறுதியில் சென்னைப் படைத்தலைவர் சேர் ஜோன் கிரடொக் புதிய உடை விதிகளைப் பிறப்பித்தார். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, காதணி கூடாது, தோற்பட்டை பதித்த புதிய தொப்பி அணிய வேண்டும் என்பன அவ்விதிகள். தொப்பியைக் கண்ட சிப்பாய்கள், இந்துவாயினும் முஸ்லிமாயினும், தம்மைக் கிறிஸ்தவராக்கும் வழி இது என்று அஞ்சினார்கள். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. திப்புவின் மகளொருத்தியின் கல்யாணத்தைச் சாட்டிக் கோட்டைக்குள் கூடினார்கள். நள்ளிரவு கடந்து ஆங்கிலேயரின் படைக்குடியிருப்பைத் தாக்கினார்கள். கோட்டைத் தளபதி பான்கோர்ட்டும் அதிகாரிகள் பலரும் நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலச் சிப்பாய்களும் மாண்டார்கள். விடியும்போது மைசூரின் கொடி பறந்தது.

பறந்தது சில மணிநேரமே. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற தளபதி குதிரைப் படையோடு விரைந்து வந்தான். கயிற்றில் தொங்கி மதிலேறினான். பின்னால் வந்த பீரங்கிகள் வாயிலைத் தகர்த்தன. அதன்பின் நடந்தது பழிவாங்கல். பிடிபட்ட சிப்பாய்கள் ஏறத்தாழ நூறுபேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தம் மடிந்த சிப்பாய்களின் தொகை நூற்றுக்கணக்கில் வரும். கொல்லப்பட்ட ஆங்கிலேயருக்குக் கோட்டை வாயிலுக்கு அண்மையில் கல்லறை இருக்கிறது. சிப்பாய்களுக்குக் கல்லறை இல்லை; மிகப் பிற்காலத்தில் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. இருநூறாவது ஆண்டான 2006இல் இந்தியா தபால் தலையொன்றையும் வெளியிட்டது. கிரடொக்கும் கவர்னர் வில்லியம் பென்டிங்கும் இலண்டனுக்குத் திருப்பியழைக்கப்பட்டார்கள். உடை விதிகள் கைவிடப்பட்டன. திப்புவின் மைந்தர் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார்கள்.

மகால்கள் காலியாயின. பத்து ஆண்டுகளில் அடுத்த அரச குடும்பம் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை கடல் கடந்து, எங்கள் நாட்டிலிருந்து.

ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் கண்டியின் அரியணையில் 1798இல் ஏறியபோது அவனுக்கு வயது பதினெட்டு. இயற்பெயர் கண்ணுசாமி. 1739இல் வீரநரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது, அவனுடைய மதுரை நாயக்க அரசியின் சகோதரன் அரசனானான். அன்றுமுதல் நான்கு நாயக்க அரசர்கள் கண்டியை ஆண்டார்கள். கண்ணுசாமி நான்காமவன். அவனை ஏற்றிவைத்தவன் முதன்மந்திரி பிலிமத்தலாவை. தான் ஆட்டுவிக்கும் பொம்மையாக இருப்பான் என்று எண்ணி ஏற்றிவைத்தவன், பின்னர் அந்தப் பொம்மையின் ஆணையாலேயே தலையிழந்தான்.

இவ்வரசனைப் பற்றி எழுதும்போது நம்மவர் ஒரு பக்கத்தை மறைத்துவிடுகிறார்கள்; சிங்கள எழுத்தாளர் பலர் மறுபக்கத்தை மறைத்துவிடுகிறார்கள். அந்த யானை, எருதுச் சிற்பத்தைப் போன்றதே இதுவும். கண்டி வாவியை வெட்டுவித்தவன் அவன். தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தவன் அவன். அந்த மண்டபத்தில் நின்று நாட்டுமக்களுக்கு உரையாற்றுவது சுதந்திர இலங்கையின் தலைவர்களுக்கு ஒரு மரபாகவே ஆயிற்று. இது ஒரு பக்கம். எகலப்பொலை ஆங்கிலேயரிடம் ஓடியபோது, அவனுடைய மனைவி மக்களை 1814இல் கொடூரமாகக் கொல்வித்தவனும் அவனே. பச்சிளம் பிள்ளைகளைக் கொன்றதை எந்த அரச நீதியாலும் நியாயப்படுத்த முடியாது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1815 பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவரைப் பகுதியில் ஒளிந்திருந்த அரசன் பிடிபட்டான். பிடித்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர், அவனுடைய குடிமக்களே. கட்டியிழுத்து, அரசியரின் அணிகலன்களைப் பறித்து அவமானப்படுத்தினார்கள். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டது. தேசாதிபதி பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் ஒப்பமிட்ட அந்த ஆவணத்தின் இரண்டாம், மூன்றாம் வாசகங்களை இலங்கைத் தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும். அரசன் கொடுங்கோலன், ஆதலால் நீக்கப்பட்டான் என்பதோடு நின்றிருந்தால் விளங்கிக்கொள்ளலாம். மலபார் இனத்தவருக்குக் கண்டி இராச்சியத்தின்மேல் இருந்த உரிமை யாவும் ஒழிந்தது என்றும், அரசனின் ஆண் உறவினர் அனைவரும் நாட்டுக்குப் பகைவர், கண்டிப் பிரதேசத்தில் கால்வைக்கக் கூடாது என்றும் அது விதித்தது. மலபார் என்பது தமிழரையும் தமிழ் பேசும் தென்னிந்தியரையும் ஐரோப்பியர் அக்காலத்தில் அழைத்த பெயர்.

இதில் வியப்பென்ன? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1803இல், அதே ஆங்கிலேயர் கண்டி நகருக்குள் புகுந்தபோது தம் கைப்பொம்மையாக அரியணையில் இருத்தியது யாரை? முத்துசாமி என்ற நாயக்கரை. அன்று மலபார் இனம் அவர்களுக்கு இடைஞ்சலாகப்படவில்லை. தோற்றபின்னர்தான் பட்டது.

கண்டி மக்கள் நாயக்கரை அந்நியர் என்று வெறுத்தே துரத்தினார்கள் என்பாருக்கு இன்னொரு செய்தி. ஒப்பந்தம் எழுதி இரண்டரை ஆண்டுக்குள், 1817இல், ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சிக்காரர் அரசனென்று முன்னிறுத்திய வில்பாவே என்பவன் உண்மையில் ஒரு சிங்களவன், முன்னாள் பிக்கு. ஆனால் அவன் தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டான்? நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி என்று. அரச உரிமை கோருவதற்கு நாயக்கன் என்ற பெயரே அன்றைய ஊவாவில் செல்லுபடியாயிற்று. கெப்பெட்டிப்பொலை போன்ற பிரதானி அந்தக் கொடியின்கீழ்ச் சேர்ந்து, அதற்காகத் தலையையும் கொடுத்தான். இனம் என்ற அளவுகோல் அரசுரிமைக்கு வந்தது ஆங்கிலேயரின் பேனாவிலிருந்து; அதில் ஒப்பமிட்ட பிரதானிகளுக்கும் பங்குண்டு. தமிழ் அரசன் என்று நாம் அவனை நமது பட்டியலில் சேர்ப்பதும் அதே அளவுகோலைக் கொண்டே. மதுரை நாயக்கர் வழிவந்த, தமிழ் பேசிய, சைவ வைணவப் பழக்கங்களை விடாத, தலதாவுக்கு முன் பௌத்த அரசனாக நின்ற ஒருவனை, அவன் காலத்தில் எவரும் இப்படித் துண்டு போட்டுப் பார்க்கவில்லை.

கொழும்புக் கோட்டையில், பத்திரிகைத் தொழிலில் நான் அலைந்த தெருக்களிலொன்றில், அவனை அடைத்துவைத்த இடம் என்று ஒரு சிறு காவற்கூண்டைக் காட்டுவார்கள். அரசியரும் பரிவாரமும் உடனிருக்க, ஓர் அரசனை ஏறத்தாழ ஓராண்டு அதற்குள் வைத்திருந்தார்கள் என்பதை, அந்த இடத்தின் பரப்பைக் கண்ட எவரும் நம்பமாட்டார். 1816 ஜனவரி 24ஆம் திகதி 'கோர்ன்வாலிஸ்' என்ற கப்பலில் அவர்களை ஏற்றினார்கள். உடன்சென்ற வில்லியம் கிரான்வில் என்ற அதிகாரி பயணத்தைப் பற்றி நாட்குறிப்பு எழுதி வைத்தார். நமது பள்ளிப் பாடநூல்கள் காட்டும் அரக்கனை அதில் தேடினால் கிடைக்கமாட்டான். சென்னையில் இறங்கி, அங்கிருந்து வேலூர். அப்போது அவனுக்கு வயது முப்பத்தாறு.

பதினாறு ஆண்டுகள் வேலூரில் கழிந்தன. அவன் பெயரால் கண்டி மகால் என்று வழங்கும் கட்டடம் கோட்டைக்குள் உண்டு. சிறைப்பட்டிருந்தும் அரசனுக்குரிய மரியாதைகளில் சில அவனுக்குத் தொடர்ந்தன. செலவு இலங்கை அரசாங்கத்தினது. அவனை ஆங்கிலேயருக்குக் காட்டிக்கொடுத்த எகலப்பொலை, தான் எதிர்பார்த்த முடி கிடைக்காமல், அதே ஆங்கிலேயரால் மொரிசியஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல் இறந்தான். இச்செய்தி வேலூருக்கு எட்டியிருந்தால், மகாலின் தாழ்வாரத்தில் இருந்தவன் என்ன நினைத்திருப்பான்?

கோட்டைக்குள் இருக்கும் அரசாங்க அருங்காட்சியகத்தில், பல்லவர் காலத்துச் சிலைகளுக்கும் பழைய வாள்களுக்கும் நடுவே, கண்டி அரசன் பயன்படுத்திய தந்தத்தாலான சதுரங்கப் பலகை இருக்கிறது. அன்று என்னோடு அறையில் இருந்த ஒரு குடும்பத்தின் சிறுவன், "இது யாரோட போர்டு?" என்று கேட்டான். "யாரோ சிலோன் ராஜாவாம்" என்றார் தகப்பனார். பதினாறு ஆண்டு என்றால் ஏறத்தாழ ஆறாயிரம் மாலைப்பொழுதுகள். எத்தனை ஆட்டம் ஆடியிருப்பான், எதிரே அமர்ந்து ஆடியவர் யார் என்றெல்லாம் கேட்கத் தோன்றியது. பலகையில் அதற்குப் பதில் இல்லை.

1832 ஜனவரி 30ஆம் திகதி அரசன் இறந்தான். நீர்க்கோவை நோய் என்று குறித்திருக்கிறார்கள். பாலாற்றங்கரையில் ஈமக்கிரியை நடந்தது. அந்த இடத்திலுள்ள நினைவுக் கற்களைச் சுற்றித் தமிழ்நாட்டு அரசு ஒரு மண்டபத்தைக் கட்டியது. முதலமைச்சராயிருந்த கலைஞர் கருணாநிதி 1990இல் அதைத் திறந்துவைத்தார். முத்து மண்டபம் என்று பெயர். இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டு நீங்கிய அதே ஆண்டு அது. கண்டி மன்னனைத் தமிழ்நாடு நினைவுகூர்ந்ததில் அன்றைய காலநிலைக்கும் பங்கிருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நான் போனபோது வாயில் பூட்டிக் கிடந்தது. அயலிலிருந்த பெட்டிக்கடைக்காரர் யாரையோ கூப்பிட்டனுப்ப, காவலாளி சாவியோடு வந்தார். அறுபது வயது மதிக்கலாம்.

"ஐயா சிலோன்லருந்து வர்றீங்களா?"

"ஆம். எப்படித் தெரியும்?"

"சிலோன்காரங்க வந்தா செருப்பை வெளியவே கழட்டிருவாங்க. நம்ம ஆளுங்க சொன்னாத்தான் கழட்டுவாங்க."

சிங்களவரும் வருகிறார்களா என்று கேட்டேன். வருவார்கள் என்றார். வெள்ளைப் பூவைக் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டுப் போவார்களாம். தமிழர் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, "போட்டோ எடுப்பாங்க" என்றார். அவர் குறை சொல்லவில்லை; கண்டதைச் சொன்னார். என் கையிலும் கமரா இருந்தது.

உள்ளே அரசனுடைய கல்லோடு அவன் குடும்பத்தாரின் கற்களும் வரிசையாக உள்ளன. வேலூரிலே பிறந்த மகனும் அங்கேயே இருக்கிறான். கண்டியை அவன் கண்ணால் கண்டதில்லை. உறவினரின் சந்ததியார் தமிழ்நாட்டிலே தங்கிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் இலங்கையிலிருந்து அவர்களிற் சிலருக்குச் சிறு தொகை உதவிப்பணமாகச் சென்றுகொண்டிருந்தது.

அரசனோடு எடுத்துச் செல்லப்பட்டவற்றுள் பொருள்கள் சில திரும்பி வந்தன. அவனுடைய அரியணை விண்ட்சர் மாளிகையில் இருந்து, 1934இல் குளோஸ்டர் கோமகனால் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அவனுடைய சிங்கக் கொடி இலண்டனில் செல்சி மருத்துவமனையிலே வைக்கப்பட்டிருந்தது. 1948இல் சுதந்திர இலங்கை தனக்கென்று ஏற்றிய கொடி அதைப் பார்த்து அமைத்ததே. எம்மில் பலருக்கு அந்தச் சிங்கத்தோடு உள்ள மனத்தாங்கல் யாவரும் அறிந்தது. அச்சிங்கத்தைக் கடைசியாகத் தன் கொடியாகப் பிடித்திருந்தவன், கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்து, பாலாற்று மணலில் எரிந்தவன்.

வேலூருக்கு மருத்துவத்துக்காகப் போகும் எம்மவருக்கு ஒரு குறிப்பு. கோட்டையையும் கோயிலையும் காலையில் வெயிலேறுமுன் பார்த்துவிடுங்கள். கருங்கல் தரை பத்து மணிக்குப் பிறகு காலைச் சுடும். கோயிலுக்குள் நுழைந்ததும் கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டே சந்நிதிக்குச் செல்லுங்கள். திரும்பி வரும்போது பார்க்கலாம் என்றால் கூட்டத்தில் மறந்துபோகும். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. முத்து மண்டபத்துக்கு ஆட்டோவில் போகலாம். கண்டி ராஜா என்றால் ஓட்டுநர்கள் விழிப்பார்கள்; பாலாற்றங்கரை முத்து மண்டபம் என்று சொல்ல வேண்டும். கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாமல் அயலில் விசாரியுங்கள். சாவி தூரத்தில் இருக்காது.